பாக்கெட்டுக்கு அடியில் ஒரு வரிசை

"படத்தை மேல ஏத்துங்க சார். பாக்கெட்டுக்கு அடியில மறையறது என் அம்மா ரத்தினபாய்."

ஆபீஸில் இந்த உறவைச் சொல்லி எதையும் கேட்காதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டுவிட்டேன். தாம்பரம் அச்சக மேசையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், எங்கள் கம்பெனியின் மாதிரி ஃபோல்டர் விரிந்து கிடக்கிறது. உள்பக்கம் முழுக்கக் குழுப் படம். நிற்கிற கோட்டு சூட்டெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. தரையில் உட்கார்ந்த துப்புரவுப் பெண்களின் மேல்தான் காகிதம் செருகுகிற பாக்கெட்டை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் மேனேஜர் அசரியா கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"ரத்தினபாய் உங்கம்மாவா? டிகிரி முடிச்ச பொண்ணு, இதுக்குப் போயா பேஜார் பண்றே கெசியா? கஸ்டமர் அவங்களையா பாக்கப்போறான்?"

பாக்கெட்டை விரலால் விலக்குகிறேன். சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் அம்மா சிரிக்கிறாள். கழுத்திலிருந்த என் அடையாள அட்டையைக் கழற்றி அதே பாக்கெட்டில் அவள் பக்கத்தில் செருகிவிட்டுப் படியிறங்குகிறேன்.