தொட்டிக்குள் ஒரு கிதார்

மூன்றாவது பாட்டில் மட்டும் கிதார் எப்படிக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கிறது என்பது டெரன்ஸுக்குப் பிடிபடவே இல்லை. புதிதாக வரும் ராக் ஆல்பங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து இணையத்தில் எழுதுகிறவன் அவன். இதுவோ அவனுடைய இசைக்குழுவை விட்டுப் போன மிருதுளாவின் ஆல்பம். மட்டம் தட்டி எழுதத்தான் உட்கார்ந்தான். அந்த ஒலி விடவில்லை. தன்னிடமிருந்த, கிதாரின் ஒலியை மாற்றும் கருவிகளையெல்லாம் திருகிப் பார்த்தும் அது வரவில்லை. வயிறு எரிய, அவளுக்கே போன் செய்தான்.

“எந்த எஃபெக்ட்டுடி அது?”

“எஃபெக்ட்டா? மொட்டைமாடித் தண்ணித் தொட்டிடா! காலித் தொட்டிக்குள்ள ஸ்பீக்கர வெச்சு அதுவழியா கிதார் வாசிச்சா எப்படியிருக்கும்னு நீதான ஒருநாள் கேட்ட? எல்லாரும் சிரிச்சோம். நீயும் விட்டுட்ட.”

செய்த விதத்தை ஒளிக்காமல் சொன்னாள். “வேணும்னா உன் ஐடியான்னே எழுதிக்கோ. எனக்கென்ன?”

அந்தத் தாராளம்தான் அவனை இன்னும் சுட்டது. ‘இது என் யோசனை’ என்று தட்டினான். அதை அழித்தான். பிறகு எழுதினான்: ‘காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஸ்பீக்கரை இறக்கி, மூடியைப் பாதி சாத்தி, வாய்ப்பக்கம் மைக்கை வைத்தால் கிதார் இப்படி ஒலிக்கும். மிருதுளா அதைச் செய்திருக்கிறார்.’