வெறுங்கால் நேர்ச்சை

"மாதாவுக்குக் குடுத்த வாக்கை முறிச்சுடுங்கப்பா."

கொடியில் காய்ந்த காவி வேட்டியை மடித்துக்கொண்டிருந்த பாத்திமா மேரி அப்படியே நின்றாள். வாயில் எது வந்தாலும் இது மட்டும் வரக்கூடாது என்று மகளுக்குப் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு, "வாயைக் கழுவுடி" என்றாள்.

ஜாய்ஸ் காதில் வாங்கவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். புதன்கிழமை அதுவுமாக ஆபீசுக்குப் போகாமல் இங்கே என்ன வேலை என்று அம்மா பின்னாலேயே வந்து கேட்டாள்.

ரெமிஜியஸ் பாயில் உட்கார்ந்து கால் பெருவிரலுக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நுனி கறுத்திருந்தது. காவி கட்டியவர்கள் நாளை விடியற்காலை தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். அவரும் நடக்கப்போகிறார், வழக்கம்போலச் செருப்பில்லாமல்.

டாக்டர் சொன்னதை ஜாய்ஸ் மறுபடியும் சொன்னாள். பதினைந்து வருஷத்துச் சர்க்கரை, அதன் மேல் பீடி, அதன் மேல் பிரஷரும் கொழுப்பும். எல்லாம் சேர்ந்து காலுக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்துவிட்டன. பாதத்தில் தொட்டுப் பார்த்தால் நாடியே இல்லை. இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அடைப்பை எடுத்துக் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். இந்தக் காலோடு வெறுங்காலில் நடந்தால், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான்.

"பீடியைத்தான் விட்டுட்டேனே" என்றார்.

"எப்போ?"

"நேத்து."

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் நின்றால் விட்டுவிடுவதும் வயசுக் கோளாறு என்றார். போன வருஷம் திருவாரூர் தாண்டிக் கண்ணாடித் துண்டு ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ரோட்டில் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னார்கள். வலியைக்கூட மாதா வாங்கிக்கொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது சர்க்கரையில் மரத்துப்போன கால் என்று சொல்லிச் சொல்லி ஜாய்ஸுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பஸ்ஸில் போய்வந்தாலும் நேர்ச்சை நேர்ச்சைதான் என்று பங்குச் சாமியார் சொன்னதையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"சாமியார் சொல்லலாம். மாதாகிட்ட பேசினது நாந்தானே?" என்றார் ரெமிஜியஸ். "எம் மக கவர்மெண்டு வேலையில இருக்கற வரைக்கும் வருசா வருசம் வெறுங்கால்ல நடந்து வர்றேன்னு சொன்னேன். அந்த வருசமே ஆர்டர் வந்துச்சு. இப்ப நான் நின்னு, உன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"பரீட்சைக்குப் படிச்சது நான்."

"மொத ரெண்டு தடவையும் நீதான் படிச்ச."

வேலையில் சேர்ந்த அன்று அவர்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். தாலுகா ஆபீசுக்குள் வரக் கூசிக்கொண்டு எதிர்ச் சாரி டீக்கடையோரம் நின்றவர், சாயங்காலம் அவள் வெளியே வரும்போதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்த மனுஷனுக்கு அன்று பசிக்கக்கூட இல்லையாம்.

இப்போது மனைவியிடமிருந்து வேட்டியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

"போனாப் போவுது. இனிமே எனக்கு எதுக்கும்மா காலு? அதான் நீ நிக்கிறியே."

ஜாய்ஸின் முகம் கோணியது. அழுகையை விழுங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்த அவருடைய மருந்துப் பையையும் மாற்று வேட்டியையும் எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். வெளியே ஆட்டோ காத்திருந்தது. படியிறங்கியவள், திரும்பாமலே சொன்னாள்:

"வந்து ஏறுங்கப்பா. காலையிலேயே வேலையை ராஜினாமா பண்ணிட்டேன்."