பின்னால் பெய்த மழை

ஒரு வீட்டுக் கூடத்தில் பெரிய டிவி ஒன்றும், சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரும், சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர்களும் இருந்தன. டிவி ஆப்பில் படம் ஓடும்போதெல்லாம் பின்சுவர் ஸ்பீக்கர்கள் இரண்டும் வாயடைத்துக் கிடந்தன.

"எங்களுக்கு ஒண்ணுமே வரலியே அண்ணே," என்றது அவற்றில் ஒன்று.

ரிசீவருக்கு மனசு கேட்கவில்லை. டிவியிடம் போய் நின்றது.

"ஆப் அஞ்சு பேருக்கும் தனித்தனியாத்தான் சொல்லுது," என்றது டிவி. "உனக்கு எதுக்குச் சிரமம்னு நான்தான் ரெண்டாச் சுருக்கித் தர்றேன்."

"வந்ததை வந்தபடியே கொடு."

"உனக்குப் புரியலைன்னா?"

"அது என் பாடு. கொடு."

டிவி மசியவில்லை. ரிசீவரும் விடவில்லை, ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் அதையே கேட்டது. கடைசியில் டிவி சலித்துப்போய், "எடுத்துத் தொலை," என்று முழுவதையும் கேபிளில் தள்ளிவிட்டது. ரிசீவர் அதைப் பிரித்து, அவரவர் பங்கை அவரவருக்கு அனுப்பியது.

படத்தில் மழை பிடித்தது. பின்சுவர் ஸ்பீக்கர்கள் இரண்டும் சடசடவென்று கொட்டித் தீர்த்தன. சோபாவில் சாய்ந்திருந்த வீட்டுக்காரி அங்கயற்கண்ணி துள்ளி எழுந்து, "ஐயோ, துணி!" என்று மாடிக்கு ஓடினாள்.

மொட்டை மாடியில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.