எட்டடி மேசை

"அந்த ரெடிமேட் மேசையெல்லாம் இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்றாள் அண்ணி. தையல் மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீடு அவளுடையது. என்ன பேச முடியும்?

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அண்ணன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். "இது உன் வீடும்மா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விடுவான். வீட்டை நடத்துவது அண்ணிதான்.

வந்த நாளிலிருந்து "இங்கேயே இருங்க" என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. "போங்க" என்றும் சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது என்றைக்கு வருமோ என்று நான் தினமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ரெடிமேட் மேசை யோசனையே அதனால் வந்ததுதான். பின்னறையில் மோட்டார் ரிப்பேர் ஆரம்பிக்கிறோம். அதற்கு ஒரு வேலை மேசை வேண்டும். கடையில் கேட்டால் பெட்டியில் பாகம் பாகமாகத் தருகிறார்கள். பதினாறு போல்ட்டு, ஒரு ஸ்பானர், ஒரு மணி நேரத்தில் மேசை நின்றுவிடும். கிளம்பச் சொன்னால் கழற்றவும் அதே ஒரு மணி நேரம்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொல்ல முடியுமா? சீக்கிரம் வேலை முடியும் என்று மட்டும் சொன்னேன்.

"சீக்கிரம் முடிஞ்சு என்ன பண்றது? கால் பூராவும் தகரம். மோட்டாரை வச்சு ரெண்டு தட்டு தட்டினா மேசை டான்ஸ் ஆடும். தம்பியையே மரத்துல செஞ்சுக்கச் சொல்லு. அளவை நான் எடுத்துத் தர்றேன்."

நாலு மாதத்தில் அண்ணி பேசிய நீளமான பேச்சு இதுதான். என் வீட்டுக்காரர் வருத்தப்படுவார் என்று தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல்! ஆசையை உள்ளே வைத்துக்கொண்டு எனக்காகத்தான் பெட்டி மேசைக்குத் தலையாட்டியிருக்கிறார்.

மறுநாளே, கட்டடம் இடிக்கிற இடத்திலிருந்து பழைய மரச்சட்டங்கள் வந்து இறங்கின. அண்ணி ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். இவர் நினைத்திருந்தது ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும். அறை சும்மாதானே கிடக்கிறது, தாராளமாகவே செய்யட்டும் என்றாள். தெருவில் பாதிப் பேருக்குத் துணி வெட்டித் தைப்பவள் அவள். அவள் எடுத்த அளவு தப்பிப் போனதாக யாரும் சொன்னதில்லை. இவரும் அதே அளவுக்கு மரத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

அந்த ஒரு வாரம் வீடு அமளிதுமளிப்பட்டது. பின்னறையில் ரம்பம் இழுக்கிற சத்தம், சமையலறை வரைக்கும் மரத்தூள். நாலு மாதமாக உர்ரென்று இருந்தவர் வாய்க்குள் பாடிக்கொண்டே இழைக்கிறார். காலில் துளை போட்டு, சட்டத்தின் நுனியைச் செதுக்கி அதில் இறக்கி, பசை வைத்து ஆப்பு அடித்தார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார் என்று என்னைப் பத்துத் தடவை கூப்பிட்டார். எனக்கு ஒரு இழவும் தெரியாது. பத்துத் தடவையும் பிரமாதம் என்றேன்.

"ஒரு போல்ட்டு கிடையாது, பார்த்தியா? இனிமே இதைப் பிரிக்கணும்னா உடைச்சாத்தான் உண்டு" என்றார் பெருமையாக.

நாளைக்கே கிளம்பச் சொன்னால் என்ன செய்வது என்று எனக்கு ஓடியது. ஆனால் அவர் சந்தோஷத்தைப் பார்த்து, சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேசை முடிந்தது. அன்றைக்கென்று அண்ணனும் வந்து சேர்ந்தான். மேலே ஏறி நின்று தன் முழு உடம்போடும் குதித்தான். மேசை இம்மியும் அசையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வார்னிஷ் அடிக்க வாசல் வெயிலுக்குக் கொண்டுபோகலாம் என்றார் இவர். நாலு பேரும் தூக்கினோம். கதவில் முட்டியது. பக்கவாட்டில் சாய்த்தோம், முட்டியது. செங்குத்தாக நிமிர்த்தினோம், அப்போதும் முட்டியது. கீழே நாலு பக்கமும் சட்டம் அடைத்திருந்ததால், கால்களை ஒவ்வொன்றாக நுழைக்கவும் வழியில்லை. கதவின் அகலம் இரண்டரை அடி. மேசையை எப்படித் திருப்பினாலும் மூன்றடி.

இவர் முகம் தொங்கிப்போனது. "பன்னிரண்டு வருஷம் ஃபிட்டரா இருந்தேன். நூலளவு பிசகினாலும் கண்டுபிடிப்பேன். ஒரு கதவை அளந்து பார்க்கத் தோணல" என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதம் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நாளைக்கே நாங்க இந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தா, இதை எப்படி அண்ணி எடுத்துட்டுப் போறது? அளவு நீங்கதானே கொடுத்தீங்க. கதவை அளக்க மறந்துட்டீங்களா?"

அண்ணி மேசை மேலிருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தாள்.

"மறக்கல. முதல்ல கதவைத்தான் அளந்தேன்."