கங்கு கேட்ட அணைப்பு

தோட்டத்துக் குழியில் விறகு மூட்டிக் குளிர்காய்ந்தவர்கள் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்கள். சாம்பலுக்கடியில் ஒரு கங்கு மட்டும் மிஞ்சியிருந்தது. குழியோரம் ஒரு வாளித் தண்ணீர் தொடுவாரில்லாமல் இருந்தது.

கீற்றுக் கொட்டகை ஓரமாகக் கிடந்த பலாச்சருகைக் கங்கு மெல்லக் கூப்பிட்டது. "எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. கிட்ட வந்து என்னை அணைச்சுக்கோயேன்."

சருகுக்கு மனசு இளகிவிட்டது.

"அணைக்கத்தானே வேணும்? நான் அணைக்கிறேன்," என்றது வாளி.

"உன்னை யார் கேட்டா?" என்று சீறியது கங்கு.

காற்று அடித்தது. சருகு உருண்டு கிளம்பியது. அதன் பின்னாலேயே சொந்தபந்தம் மொத்தமும் கிளம்பியது.

அதற்குள் வீட்டுக்கார அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து வாளியைக் குழியில் கவிழ்த்தாள். குச்சியால் சாம்பலைக் கிளறினாள். புறங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சருகு வந்து குளிர்ந்த சேற்றுச் சாம்பலில் விழுந்தது. ஒரு நரம்புகூடக் கருகாமல், தொப்பலாக நனைந்து கிடந்தபடி, அது இன்றைக்கும் போகிற எறும்பிடமெல்லாம் சொல்கிறது:

"அந்த வாளிக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது."