ஓனருக்கு விருந்து

"உக்காருங்க ஓனர் சார். கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க குடும்பத்துல யாரையும் வெறும் வயித்தோட அனுப்பினதில்ல."

ஹெர்பர்ட் தோளை அழுத்தியதில் கோவிந்தப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"அதில்ல சார், வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. ஜோசஃபின், கேரியரைப் பிரி."

காலையில் மகள் கேரல் ஹெர்பர்ட்டைப் போனில் எச்சரித்திருந்தாள். "நாங்க சர்ச்சுல இருந்து வர லேட்டாகும்ப்பா. ஈஜிபுராவுல மாடி வீடு, பால்கனியில ஸ்டார் தொங்கும். ஓனர்கிட்ட சாவி இருக்கு, திறந்து விடுவார். அக்ரிமென்ட் முடியப்போகுது, அவர்கிட்ட பதமா பேசுங்க. நாங்க கறி சமைக்கறதே அவருக்குப் பிடிக்கல."

மகளுக்கு வீடு நிலைக்க வேண்டும். குடும்பத்தின் மதிப்பும் இறங்கக் கூடாது. கதவைத் திறந்த கோவிந்தப்பாவின் கையைக் குலுக்கி, "நான் கேரலோட அப்பா" என்று நுழைந்தவர், அவரை அதற்குமேல் பேசவே விடவில்லை.

கோவிந்தப்பாவின் மனைவி லட்சுமம்மா சமையலறையிலிருந்து தட்டுகளை எடுத்து வந்தாள்.

"பாத்தியா, தட்டு இருக்கற இடம்கூட ஓனரம்மாவுக்குத் தெரியுது. கேரல் அவ்ளோ பழகியிருக்கா" என்று ஹெர்பர்ட் மனைவியிடம் பெருமையாக முணுமுணுத்தார்.

"என்னங்க, சுவத்துல ஒரு சிலுவைகூட இல்லையே."

"மாப்பிள்ளைக்குப் பக்தி கம்மி. அதை அப்புறம் பேசிக்கறேன். இப்ப பிரியாணியைப் போடு."

மட்டன் பிரியாணி மூன்று முறை பரிமாறப்பட்டது. மூன்று முறையும் கோவிந்தப்பாவின் தட்டு காலியானது.

"கறி பிடிக்காதாம்ல? நம்ம வீட்டுக் கைப்பக்குவம் அப்படி."

வீட்டில் போட்ட திராட்சை ஒயின் இரண்டாவது டம்ளர் உள்ளே போனதும் கோவிந்தப்பா மறுப்பு சொல்வதை நிறுத்திவிட்டுத் தாளம் போடத் தொடங்கினார். சர்ச்சில் கைதட்டிப் பாடுபவர்களைக்கூட முறைக்கும் ஹெர்பர்ட், எழுந்து நின்று கைதட்டியே பாடினார். ஜோசஃபினுக்கும் லட்சுமம்மாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வீடு எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க. எல்லாம் வளர்ப்பு" என்றார் ஹெர்பர்ட்.

லட்சுமம்மா முகம் மலர்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க சார். அன்னிக்கு பெத்லகேம்ல எல்லார் வீட்டுலயும் இடம் இருந்துச்சு. உள்ள கூப்பிடத்தான் ஆளில்ல. அதனாலதான் ஆண்டவர் மாட்டுக் கொட்டகையில பிறந்தார். அந்தத் தப்பை நாம திரும்பப் பண்ணாம இருக்கறதுதான் கிறிஸ்துமஸ். ஸ்டாரு, கேக்கு எல்லாம் சும்மா அலங்காரம். இதுல மூணு தலைமுறையா எங்க குடும்பத்தை யாரும் ஒரு குறை சொன்னதில்ல."

"நெஜம் சார்" என்ற கோவிந்தப்பா மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

அப்போது போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஓனர் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு உர்ருன்னு நிக்கிறார். நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம்."

ஹெர்பர்ட்டின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மெல்லத் திரும்பினார்.

"இந்த ஸ்டாரை நாங்க சும்மா அழகுக்கு மாட்டினோம். அடுத்த சந்துலயும் இதே மாதிரி ஒண்ணு தொங்குது சார்" என்றார் கோவிந்தப்பா தயக்கத்துடன். "இங்க நாங்களே வாடகைக்குத்தான் இருக்கோம். நல்ல நாள்ல சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தவங்களை 'நீங்க யாரு'ன்னு கேட்டா சங்கடப்படுவாங்கன்னு, நீங்க நுழைஞ்சப்பவே லட்சுமம்மா எனக்குக் கண்ணைக் காட்டிட்டா."