ஒரே பானட்டுக்கு அடியில்

ஒரு காரின் பானட்டுக்கு அடியில் பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து குடித்தனம் பண்ணின. சிக்னலில் நின்றால் எஞ்சின் தூங்கவேண்டும், மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. எஞ்சினுக்கோ தூங்கவே பயம். தொழிற்சாலையில் பக்கத்து வரிசையில் நின்ற புதுக் கார்களில் எஞ்சினுக்கு இடமே வைக்கவில்லை என்பதை அது பார்த்திருந்தது.

“தூங்கிட்டா அப்படியே விட்டுடுவியா தம்பி?”

“படுங்கண்ணே. தேவைன்னா எழுப்பமாட்டேனா?”

எஞ்சின் அரைமனதாக அடங்கியது. பச்சை விழுந்ததும் மோட்டார் கிளம்பியது. பேட்டரியில் வேண்டிய மட்டும் கரண்ட் இருந்தது. மேம்பாலத்தைக்கூடத் தனியாகவே ஏறி இறங்கிவிட்டது.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோதுதான் மோட்டாருக்கு மனசு உறுத்தியது. இப்படியே போய் நின்றால், கண் விழிக்கும்போது அண்ணன் என்ன நினைப்பார்?

வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன வேகத்தடை இருந்தது. மோட்டார் மெல்ல உலுக்கியது.

“அண்ணே, பெரிய மேடா இருக்கு. என்னால ஆகலை.”

எஞ்சின் பதறி விழித்து, உறுமி, காரை ஒரே மூச்சில் ஏற்றி இறக்கியது.

“நான் மட்டும் இல்லேன்னா உன் பாடு திண்டாட்டந்தான்டா,” என்றது, இருமிக்கொண்டே.

“அதான்ணே எழுப்பினேன்,” என்றது மோட்டார்.